புதன்கிழமை நோயாளி

நீங்கள்தானே புதுத் தங்கராசு? எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தீர்கள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நானும் முதல் வாரம் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். அதெல்லாம் தேவையே இல்லை. உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தானாக வந்துவிடும்.

நான் யார் என்றா கேட்கிறீர்கள்? உங்களுக்கு முந்தின தங்கராசு.

சண்டை போட வரவில்லை, பயப்படாதீர்கள். உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இந்த வேலை எனக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், ஓ.பி.யில், பதினொரு மணிக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் எங்கே போவது? பழகிய பெஞ்சு. கால் தானாக இங்கே கொண்டுவந்து விட்டது.

தாளைக் கொடுங்கள் பார்க்கலாம். எதையும் மாற்றவில்லை. தங்கராசு, வயது அறுபது, நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். பிரஷர் உண்டு. காலில் வீக்கம் என்று வந்திருக்கிறார். மனைவி வீட்டில் இருக்கிறார், மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவர்தான். ஒரு மனிதனைப் பற்றி அரைப் பக்கம். முதல் நாள் இதைப் படித்தபோது, என்னைப் பற்றி யாராவது எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கம் வருமா என்று யோசித்தேன். வராது என்றுதான் தோன்றியது.

நான் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். முதலாளி காலமானதும் மகன்கள் ஆபீஸை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் சும்மா இருந்தேன். வீட்டு ஓனரின் மருமகன் இந்தக் காலேஜ் ஆபீஸில் இருக்கிறார். ஒருநாள் மாடிப்படியில் நிறுத்தி, “அண்ணா, உங்களுக்கு நோயாளியா நடிக்க வருமா?” என்றார்.

“என்ன செய்யணும்?”

“சும்மா உக்காந்திருக்கணும். கேட்டாப் பதில் சொல்லணும்.”

“அது வரும்” என்றேன்.

எஸ்தர் மேடம் உங்களுக்கும் விளக்கியிருப்பார். பார்மசி காலேஜில் பாடம் நடத்துகிறவர், இந்தப் பயிற்சியே அவர் கொண்டுவந்ததுதான். “டாக்டருக்குப் படிக்கறவங்க ஒரு கட்டடம், நர்ஸிங் ஒரு கட்டடம், எங்க பசங்க ஒரு கட்டடம். கேன்டீன்லகூட தனித்தனி மேஜை. படிச்சு முடிச்ச மறுநாள் மூணு பேரையும் ஒரே வார்டுல நிறுத்தி, சேர்ந்து வேலை பாருங்கன்னா எப்படி சார் பாப்பாங்க?” என்பார். அதற்காகத்தான் புதன்கிழமை. ஒவ்வொரு படிப்பிலிருந்தும் ஒருவர், மூன்று பேராக உள்ளே வருவார்கள். வாத்தியார்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பார்கள். நீங்கள் அவர்களைப் பார்க்க முடியாது. கொஞ்ச நேரத்தில் அவர்கள் இருப்பதே மறந்துவிடும்.

உங்களுக்கு விதி ஒன்றே ஒன்றுதான். கேட்டால்தான் சொல்ல வேண்டும். தங்கராசு மூட்டு வலிக்கு மெடிக்கலில் தானாக மாத்திரை வாங்கிப் போடுகிறார், கால் வீங்குவது அதனால்தான். ஆனால் “கடையில நீங்களா ஏதாச்சும் வாங்கிப் போடறீங்களா” என்று கேட்கிறவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. அதைக் கேட்கப் பழக்கியிருப்பது பார்மசிப் பிள்ளைகளை. டாக்டர் தம்பி விட்டால்தானே கேட்பார்கள்? அவன் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பான். நர்ஸிங் பெண் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருப்பாள். பார்மசிப் பிள்ளை மாத்திரைப் பையைப் பிடித்தபடி, தெரியாதவர் கல்யாணத்தில் நுழைந்துவிட்ட மாதிரி, சுவரோரமாக நிற்கும். மணி அடித்துவிடும். மூன்று பேருக்கும் மார்க் போச்சு.

எனக்கு அந்த விதி கஷ்டமாகவே இல்லை. எனக்கு முன்னால் வந்தவர்களுக்கு வாய் சும்மா இருக்கவில்லையாம், கேட்காததையெல்லாம் கொட்டிவிடுவார்களாம். மேடம் என்னைத்தான் எல்லாருக்கும் காட்டுவார். “சாரைப் பாருங்க, ஒரு வார்த்தை கூடுதலா வராது.” வீட்டிலும் நான் அப்படித்தான் இருந்தேன். யாரும் பாராட்டினதில்லை.

ஆனால் கேட்டுவிட்டார்கள் என்றால் சொல்லலாம் இல்லையா? அந்த இடத்தில் நான் கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டேன். “வீட்ல யாருங்க ஐயா மாத்திரை எடுத்துக் குடுக்கறது?” என்று கேட்பார்கள். தாளில் ‘மனைவி’ என்று ஒரு சொல்தான் இருக்கிறது. அதை மட்டும் சொன்னால் மொட்டையாக இருந்தது. “அவதான். சாப்பிட்ட தட்டை எடுக்கறதுக்கு முன்னாடி மாத்திரை கைக்கு வந்துரும். முழுங்கினேனான்னு வாயத் தொறந்து காட்டச் சொல்லுவா” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த வாரம் வேறு மூன்று பேர், அதே கேள்வி. அன்றைக்கு அவள் கொஞ்சம் கோபக்காரி ஆனாள். அதற்கடுத்த வாரம் அவளுக்கு ஒரு தங்கை வந்தாள், அந்தத் தங்கையோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. “ஏனுங்க ஐயா, என்ன சண்டைங்க?” என்று ஒரு நர்ஸிங் பெண் பிரஷர் பார்ப்பதை விட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டது.

மேடம் கூப்பிட்டார். “கொஞ்சம் குறைச்சுக்கங்க சார். பசங்க மாத்திரைய விட்டுட்டு உங்க வீட்டுக் கதையக் கேட்டுட்டிருக்காங்க.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எனக்கு மனைவியா? இருக்கிறாளே. ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது உதவிக்குப் போனாள். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அங்கே வேலை முடிந்தபாடில்லை. சண்டையெல்லாம் ஒன்றும் கிடையாது. நானும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்திருக்கிறேன், நான் ஏதாவது சொல்லிவிட்டேனா என்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடினேன். நான் எதுவும் சொன்னதே இல்லை. கிளம்புகிற அன்று பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாக, “ஏதாச்சும் சொல்லணுமா?” என்று கேட்டாள். என்ன சொல்வது? ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்திருந்தேன். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்திருந்தேன். “இல்லையே” என்றேன். பஸ் கிளம்பிவிட்டது.

அது கிடக்கட்டும். என்னை ஏன் நிறுத்தினார்கள் என்பதைச் சொல்ல வந்தேன்.

நிவாஷினி என்று ஒரு பெண், பார்மசி கடைசி வருஷம். முதல் தடவை வந்தபோது சுவரோரமாகவே நின்று, மணி அடித்த பிறகு, “ஐயா, ஒண்ணே ஒண்ணு...” என்று திரும்பினாள். கதவைச் சாத்திவிட்டார்கள். மார்க் போனதால் மறுபடி ஒரு புதன்கிழமை கொடுத்தார்கள். விவகாரம் அன்றைக்குத்தான்.

மாத்திரைப் பை ஒன்று தருவார்கள், உங்களுக்கும் தந்திருப்பார்கள். உள்ளே இருப்பதெல்லாம் சத்து மாத்திரை, அட்டை மட்டும் நிஜம். அன்றைக்கு அது அலமாரிக்குள் மாட்டிக்கொண்டது, சாவி வைத்திருப்பவர் லீவு. மேடம் ஏற்கெனவே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். என் தோள் பையில் என் மாத்திரைகள் இருந்தன. அட்டை அட்டைதானே, எது இருந்தால் என்ன? யாரையும் கேட்கவில்லை. எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டேன்.

எனக்குச் சுகர் உண்டு. முன்பு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தேன். வேலை போன பிறகு வேறொரு ஆஸ்பத்திரிக்கு மாறினேன். அங்கே அவர்கள் ஒரு மாத்திரை எழுதினார்கள். ஏற்கெனவே ஒன்று சாப்பிடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. கேட்டார்களோ என்னவோ, கூட்டத்தில் காதில் விழவில்லை. மஞ்சள் அட்டை ஒன்று, வெள்ளை அட்டை ஒன்று. பெயர் வேறு, நிறம் வேறு. ஒன்று சுகருக்கு, இன்னொன்று நரம்புக்கு என்று நானாகவே வைத்துக்கொண்டேன். சில நாள் கை நடுங்கும், குப்பென்று வேர்க்கும். வயசாகிறது என்று விட்டுவிட்டேன். யாரிடம் சொல்வது?

புதன்கிழமை காலையில் நான் சாப்பிடுவதும் இல்லை. சீக்கிரம் கிளம்ப வேண்டும், மதியம் இங்கே சாப்பாடு தருகிறார்கள். ஒரு ஆளுக்காக எதற்கு அடுப்பைப் பற்றவைப்பது?

உள்ளே வந்தார்கள். டாக்டர் தம்பி வழக்கம்போல, “காலை நீட்டுங்க ஐயா” என்று ஆரம்பித்தான். நிவாஷினி இந்தத் தடவை சுவர்ப் பக்கமே போகவில்லை. நேராக மேஜைக்கு வந்தாள். அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொடி எழுத்தைப் படிக்கக் கண் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“ஐயா, இது ரெண்டும் ஒரே மருந்துங்க. கம்பெனிதான் வேற. ரெண்டையுமா போடறீங்க?”

“ஆமா. ஒண்ணு சுகருக்கு. ஒண்ணு நரம்புக்கு.”

டாக்டர் தம்பி அவள் பக்கம் சாய்ந்து, “ஏய், கேஸ் பிரஷர்தான? சுகர் எங்கருந்து வந்துச்சு?” என்றான்.

“எங்கிட்டக் கேட்டா? அவருகிட்டக் கேளுங்க டாக்டர்” என்றாள். நல்ல வாய். பிறகு என்னிடம், “இன்னிக்குக் காலைல ரெண்டும் போட்டீங்களா?”

“போட்டேன்.”

“சாப்டீங்களா?”

இந்த இடத்தைக் கவனியுங்கள். அவள் கேட்டது தங்கராசுவை. தங்கராசுவுக்கு வீட்டில் ஆள் இருக்கிறது. அவன் எப்படி வெறும் வயிற்றோடு வருவான்? “இட்லி. போதும் போதும்னாலும் வெச்சுக்கிட்டே இருப்பா” என்றேன். சொல்லும்போதே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கை மேஜை மேல் தானாகத் தாளம் போட்டது. “செம்மையா நடிக்கறாருல்ல?” என்று டாக்டர் தம்பி நர்ஸிங் பெண்ணிடம் சொன்னது காதில் விழுந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் எல்லாரும் மெச்சிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்களாம். மேடமே பிறகு சொன்னார்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள். பார்மசிக்காரர்கள் தொட்டுப் பார்ப்பதில்லை, பேசுவதுதான் அவர்கள் வேலை. பிடித்துவிட்டாள். உள்ளங்கை ஈரம் தெரிந்திருக்கும். குனிந்து, என் முகத்துக்கு நேராக, மெதுவாகக் கேட்டாள்.

“ஐயா, இப்பப் பேசறது தங்கராசுங்களா, நீங்களா?”

அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதை எப்படி உங்களுக்குச் சொல்வது? தலை சுற்றிக்கொண்டிருக்கிறது, அறை கொஞ்சம் தள்ளிப் போன மாதிரி இருக்கிறது, அதற்கு நடுவில் நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். யார் பேசுகிறது? நானாக இருந்தால் இவ்வளவு பேச்சு வருமா?

“தங்கராசு” என்றேன்.

அவள் நம்பவில்லை. “நிறுத்துங்க, இது நிஜம்!” என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்தினாள். நடிப்பை நிறுத்த வேண்டுமானால் அப்படிக் கத்த வேண்டும் என்று ஒரு ஏற்பாடு உண்டு. அதுவரை யாரும் கத்தினதில்லை. “விரல்ல குத்திப் பாருங்க” என்றாள், நர்ஸிங் பெண் குத்தினாள். டிரேயில் இருந்தது நிஜ மெஷின். “சுகர் அம்பதுகூட இல்ல” என்று மெஷினைத் திருப்பிக் காட்டினாள். “மேடத்தக் கூப்புடுங்க” என்றாள் நிவாஷினி, டாக்டர் தம்பி ஓடினான். இவள் வாத்தியார்களின் டீ தட்டிலிருந்து சர்க்கரைக் கிண்ணத்தைத் தூக்கிவந்து தண்ணீரில் கலக்கி என் வாயில் வைத்தாள். “முழுங்குங்க. வாயத் தொறந்து காட்டுங்க.”

நான் அந்த வசனத்தைத்தான் வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் என்னிடம் சொல்லிக் கேட்டதில்லை. திறந்து காட்டினேன்.

மூன்று பேரும் ஒருவர் சொன்னதை ஒருவர் கேட்டுச் செய்ததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். மேடம் கனவு கண்டதே அதைத்தானே? ஆனால் பாருங்கள், அதன் பலன் எனக்கு இப்படி வந்து சேர்ந்தது.

தெளிந்து உட்கார்ந்த பிறகு மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “அம்மா நம்பர் குடுங்க சார், நான் பேசறேன். இவ்வளவு அக்கறையாப் பாத்துக்கறவங்க ரெண்டு அட்டையையும் எப்படி விட்டாங்க?”

அவர் நம்பிவிட்டார், தெரிகிறதா? கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வாராவாரம் கேட்டுக் கேட்டு, தங்கராசுவின் மனைவியை என் மனைவி என்றே நம்பிவிட்டார். நடிக்கிறவனுக்கு அது பெருமைதான்.

“மக ஊருக்குப் போயிருக்கா” என்றேன்.

“மகள் நம்பர்?”

“ஞாபகம் இல்லீங்க.”

என் போன் மேஜை மேலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்புறம்தான் ஒரு நிபந்தனை போட்டார். இங்கேயே ஓ.பி.யில் என் பெயரில் சீட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். தனியாக வரக் கூடாது. “நீங்க மயங்கி விழுந்தாப் பாக்க ஒரு ஆள் இருக்காங்கன்னு எனக்குத் தெரியணும் சார். வீட்டுலருந்து யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க. அதுக்கப்புறம் மறுபடியும் நீங்கதான் தங்கராசு.”

நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா? நோயாளியாக நடிக்கிறவனுக்கு நோய் இருக்கக் கூடாதாம். இருந்தால் கூட ஒரு ஆள் வர வேண்டுமாம்.

அதற்குப் பிறகும் நான் புதன்கிழமை வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவேன். நிவாஷினி பார்த்தால் நிற்பாள். மஞ்சள் அட்டையை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள். “அம்மா வந்துட்டாங்களா ஐயா?” என்பாள். அடுத்த வாரம் வருவாள் என்பேன். போன வாரம் அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை. “புதன்கிழமை ஓ.பி. மருந்து கவுன்டர்ல எனக்கு டியூட்டி. உங்களுக்கு நானே சொல்லி வெச்சிருக்கேன், பதினொரு மணிக்கு வந்துருங்க. அம்மாதான் வரணும்னு இல்லீங்க ஐயா, யாராச்சும் வந்தாப் போதும்” என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. அவள் வந்துவிடுவாள் என்றுதானே சொல்லியிருக்கிறேன்?

நேற்று ஓசூரில் இருக்கிற மனைவிக்குப் போன் செய்தேன். “என்ன விஷயம்?” என்றாள். “சும்மாதான்” என்றேன். “உடம்பு நல்லாருக்கா?” “இருக்கு.” பின்னால் பேரன் ஏதோ வேண்டும் என்று அழுதான். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். “அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள். சரியாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி கேட்கத் தெரிய வேண்டும். காலையில் என்ன சாப்பிட்டீங்க, மாத்திரை யார் எடுத்துக் கொடுக்கறாங்க என்று ஒவ்வொன்றாக. அவளுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? அவள் எப்போதுமே மொத்தமாகக் கேட்டுவிடுவாள். நானும் மொத்தமாகப் பதில் சொல்லிவிடுவேன்.

கூப்பிடுகிறார்கள். “தங்கராசு ஐயா வரலாமுங்க!” பாருங்கள், நான் எழுந்து நிற்கிறேன். உங்களைத்தான். போங்கள். தாளை மடித்துச் சட்டைப் பையில் வையுங்கள், கையில் இருந்தால் கண் அதிலேயே போகும்.

ஒரு நிமிஷம். உள்ளே அரை மணி நேரம்தான். முடிந்ததும் உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையென்றால், என்கூட ஓ.பி. வரைக்கும் வர முடியுமா? பக்கத்தில் நின்றால் போதும். “கூட யாரு வந்திருக்காங்க” என்று கேட்பார்கள். தம்பி என்று சொல்லுங்கள். கேட்டால் மட்டும் சொன்னால் போதும், நீங்களாக ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்கு இந்த வேலை திரும்பக் கிடைத்தால் உங்களுக்குப் போய்விடும், அது தெரியாமல் கேட்கவில்லை. ஒரு வாரம் நீங்கள், ஒரு வாரம் நான் என்று மேடத்திடம் பேசிப் பார்க்கலாம்.

என் பெயர் நாச்சிமுத்து. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கூடப் பிறந்த அண்ணன் பெயர் தெரியாமல் நின்றால் நிவாஷினி நம்பமாட்டாள்.